காற்றுக்கு ஒரு யூனிட் போதும்

கனடாவின் டொரொன்டோ வட்டாரத்தில் கராஜ் என்பது பல வீடுகளில் பெயருக்குத்தான் கார் நிறுத்தும் இடம். கார் வெளியே பனியில் நிற்கும். உள்ளே தச்சு மேசையும் ரம்பமும் துளைப்பானும் குடியிருக்கும். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. நவம்பர் பிறந்ததும் அங்கே வேலை செய்பவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த ஹீட்டர் வாங்கலாம்? மின்சாரமா, எரிவாயுவா, புரொப்பேனா, ஹீட் பம்பா? இயல்பான கேள்விதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது. எதைச் சூடாக்கப் போகிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும். 'உள்ளே இருக்கும் காற்றைத்தான்' என்று சட்டென்று வரும் பதிலில்தான் தவறான தேர்வுகள் பலவும் வேர்விடுகின்றன. காற்றைச் சூடாக்குவது மிக மலிவான வேலை. பணத்தையும் வெப்பத்தையும் விழுங்குபவை சுவரும் கதவும் தரையும். உடல் நடுங்குவது, பசை ஒட்டாமல் போவது, இரும்பு துருப்பிடிப்பது எல்லாமே அந்தத் திடப்பொருள்களின் வெப்பநிலையைப் பொறுத்தவை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், எந்தக் கருவி என்ற கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

இரண்டு கார் நிற்கும் அளவுள்ள, தனித்து நிற்கும் கராஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். உள்ளே அடங்கும் காற்று ஏறத்தாழ 97 கனமீட்டர். அதன் எடை சுமார் 116 கிலோ. டொரொன்டோவில் சூடேற்றும் அமைப்பைக் கணக்கிடுபவர்கள் கடுங்குளிர் நாளின் வெளி வெப்பநிலையாக −18 டிகிரி செல்சியஸை எடுத்துக்கொள்வது வழக்கம். உள்ளே 15 டிகிரி இருந்தால் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு வேலை செய்யலாம். ஆக, வேறுபாடு 33 டிகிரி. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோஜூல் போதும். 116-ஐ 33-ஆல் பெருக்கினால் 3,800 கிலோஜூலுக்குச் சற்று மேல். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சாதாரண 1,500 வாட் ஹீட்டர் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. அப்படியிருந்தும் அதே ஹீட்டரை அதே கராஜில் நாள் முழுக்க ஓடவிட்டாலும் விரல் விறைப்பது நிற்பதில்லை. கொடுத்த வெப்பம் காற்றில் தங்காமல் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எங்கே போகிறது என்பதைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம். உள்ளே வெப்பக்காப்புப் பஞ்சு திணிக்காத மரச்சட்டச் சுவர், உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேறுபட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 2 வாட் கடத்தும். கதவை விட்டால் மிஞ்சும் சுவர் 55 சதுர மீட்டர். அதன் வழியே டிகிரிக்கு 110 வாட் போகும். காப்பில்லாத கூரை 36 சதுர மீட்டர்; அதுவும் ஏறத்தாழ அவ்வளவே இழக்கும். மடங்கி மேலேறும் ஒற்றைத் தகட்டுக் கதவு பரப்பில் 10 சதுர மீட்டர்தான், ஆனால் டிகிரிக்கு 60 வாட் அதன் வழியே கசியும். கதவின் விளிம்புகளிலும் சுவர் தரையைத் தொடும் இடத்திலும் உள்ள இடுக்குகளால் மணிக்கு இரண்டு முறை உள்காற்று முழுவதும் மாறுகிறது என்று கொண்டால், இன்னும் 64 வாட். கான்கிரீட் தளத்தின் ஓரங்கள் வழியே சுமார் 30. கூட்டினால் டிகிரிக்கு ஏறத்தாழ 370 வாட். 33 டிகிரிக்கு 12 கிலோவாட். வட அமெரிக்கக் கடைகளில் வழங்கும் அளவில் சொன்னால் சுமார் 42,000 பி.டி.யூ. கராஜுக்கென்று விற்கும் எரிவாயு ஹீட்டர்களில் 45,000 பி.டி.யூ. அளவு பரவலாகக் கிடைப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. இப்போது சுவரில் பஞ்சு திணித்து, கூரைக்கு மேல் கனமாகப் பரப்பி, காப்பு வைத்த கதவு மாட்டி, இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தால் என்ன ஆகும்? சுவர் 28, கூரை 7, கதவு 10, காற்றுக் கசிவு 16, தளம் அதே 30 என்று மொத்தம் 90 வாட்டுக்கு இறங்கிவிடும். அதே கடுங்குளிர் நாளில் 3 கிலோவாட் போதும். ஹீட்டரைத் தொடாமலே தேவை நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

பில் குறைவது இதன் ஒரு பக்கம்தான். கருவிகளின் பட்டியலே மாறிவிடுவது இன்னொரு பக்கம். கனடாவில் வீட்டுச் சுவரிலுள்ள சாதாரணப் பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். அதில் செருகும் ஹீட்டர்கள் 1,500 வாட்டோடு நின்றுவிடும். 12 கிலோவாட்டை மின்சாரத்தில் எடுக்க வேண்டுமானால் 240 வோல்ட்டில் 50 ஆம்பியர் ஓட வேண்டும். பழைய வீடுகளின் மின்பலகை பலவும் இதைத் தாங்காது. 3 கிலோவாட்டுக்கோ 240 வோல்ட்டில் 20 ஆம்பியர் இணைப்பு ஒன்று போதும். எனவே 'மின்சாரமா, எரிவாயுவா' என்ற விவாதத்தில் மின்சாரம் கலந்துகொள்ள முடியுமா என்பதையே சுவர்தான் தீர்மானிக்கிறது. காப்பிடாத கராஜுக்குக் கருவி தேடுபவருக்கு உண்மையில் தேர்வு என்று ஒன்று இல்லை. பெரிய எரிவாயு ஹீட்டரை நோக்கி அவர் தள்ளப்படுகிறார்.

அடுத்தது தரை. 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் தளம் 36 சதுர மீட்டருக்கு எட்டரை டன் எடை. அதை ஒரு டிகிரி உயர்த்தவே 2 யூனிட் தேவை; 10 டிகிரி உயர்த்த 20 யூனிட். அறையின் மொத்தக் காற்றுக்கும் சேர்த்து ஆன செலவைப் போல இது பல மடங்கு. சுவிட்சைப் போட்ட அரை மணியில் வெப்பமானி 15 காட்டும். ஆனால் தரையும் சுவரும் வார்ப்பிரும்பு ரம்ப மேசையும் இன்னும் பழைய குளிரிலேயே இருக்கும். கனத்த வார்ப்பிரும்பு மேசை காற்றோடு ஒத்துவர ஓரிரு மணி நேரமாவது ஆகும். மனித உடலோ காற்றை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள பரப்புகளுக்கு அகச்சிவப்புக் கதிராகவும் அது வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆடையின் மேற்பரப்பு 25 டிகிரியில் இருக்க, சுற்றுச்சுவர் 5 டிகிரியில் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 108 வாட் இப்படிப் போகும். சுவர் 17 டிகிரியில் இருந்தால் 46 வாட்தான். வெப்பமானியில் ஒரே எண் காட்டும் இரு அறைகளில் ஒன்றில் சுகமாகவும் மற்றொன்றில் நடுக்கமாகவும் இருப்பது இதனால்தான். பசையும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை, மஞ்சள் பசைகள் ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே படலமாகப் பிணையாமல் சுண்ணாம்புத் தூள் போல வெளுத்து உலர்ந்துவிடும். அங்கே கணக்கில் வருவது மரத்தின் வெப்பநிலை. அறை சூடாகிவிட்டதே என்று நம்பி, இரவெல்லாம் குளிரில் கிடந்த பலகையில் பசை தடவினால் இணைப்பு கையோடு வந்துவிடும்.

இனி துரு. மலிவும் சுலபமும் கருதிப் பலர் வாங்குவது, புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டர். எரியும் வெப்பம் முழுவதும் அறைக்குள்ளேயே தங்குவதால் வீணே கிடையாது என்பது அதற்கான வாதம். வெப்பத்தோடு எரிவின் விளைபொருள்களும் அறைக்குள்ளேயே தங்குகின்றன என்பது வாதத்தில் விட்டுப்போன பாதி. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவரும். 9 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை அறைக்குள் தெளிக்கிறது என்று பொருள். மணிக்கு இரண்டு முறை காற்று மாறும் ஒழுகல் கராஜிலேயே இதனால் கனமீட்டருக்கு ஆறு கிராமுக்கு மேல் ஈரம் நிற்கும்; 4 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வியர்க்குமே, அதே வியர்வைதான் ரம்ப மேசையிலும் உளியிலும். காற்று சூடாகியும் இரும்பு குளிர்ந்தே இருக்கும் அந்த முதல் ஓரிரு மணி நேரம் இதற்கு வாய்ப்பான வேளை. இடுக்குகளை அடைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: காற்று மணிக்கு ஒரு முறைதான் மாறும் என்றால் ஈரம் இரட்டிப்பாகி, 14 டிகிரியில் உள்ள இரும்பும் நனையும். கூடவே கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, எரிவதற்குக் காற்று போதாதபோது உண்டாவது. ஆகவே குழாயில்லாத ஹீட்டருக்குக் காற்றோட்டம் வேண்டும்; வெப்பத்துக்கோ காற்றோட்டம் கூடாது. இரண்டையும் ஒருசேரத் தீர்க்க வழியில்லாததால் மூடிய கராஜுக்கு அந்த வகை பொருந்தாது.

எரியும் கருவிகளுக்குப் பட்டறையில் இன்னும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, ஆவி. பெட்ரோல் −40 டிகிரிக்கு அருகிலும், அசிட்டோன் −20 டிகிரியை ஒட்டியும் தீப்பிடிக்கத்தக்க ஆவியை விடுபவை. குளிர்காலம் இவற்றுக்குக் காவல் அல்ல. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையோடு ஊர்ந்து செல்லும். கராஜில் வைக்கும் எரிவாயுக் கருவியின் தீப்பொறி உண்டாகும் பகுதி தரையிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று வட அமெரிக்க விதிகள் சொல்வது அதனால்தான். மற்றொன்று, மரத்தூள் உறிஞ்சி. மணிக்கு 1,100 கனமீட்டர் இழுக்கும் நடுத்தரக் கருவி ஒன்றின் வாயை வெளியே திருப்பிவிட்டால், ஐந்தே கால் நிமிடத்தில் அறையின் காற்று முழுவதும் வெளியேறிவிடும். உள்ளே நுழையும் −18 டிகிரிக் காற்றை 15-க்கு உயர்த்த 12 கிலோவாட் வேண்டும். பஞ்சு திணித்து மிச்சம் பிடித்த வெப்பமெல்லாம் ஒரு குழாயில் போய்விடும். அதோடு அறைக்குள் அழுத்தம் குறைவதால், சாதாரணப் புகைக்குழாய் கொண்ட ஹீட்டரின் புகை மேலே போவதற்குப் பதில் திரும்பி உள்ளே வரும். எரிவாயுதான் வேண்டும் என்றால், எரிவதற்கான காற்றை ஒரு குழாயால் வெளியிலிருந்து எடுத்து இன்னொரு குழாயால் புகையை வெளியே விடும் மூடிய எரியறை வகையே பட்டறைக்கு ஏற்றது. அதன் நெருப்புக்கு அறையின் காற்றோடு உறவே கிடையாது: தூசி, ஆவி, அழுத்தம், ஈரம் ஆகிய நான்கு சிக்கல்களிலிருந்தும் ஒரே ஏற்பாட்டில் அது விலகிவிடுகிறது. வீட்டு ஃபர்னஸிலிருந்து ஒரு குழாயைக் கராஜுக்கு நீட்டிவிடலாமே என்ற யோசனையும் இங்கேயே அடிபடுகிறது. அந்த வழியாகக் கராஜின் புகையும் ஆவியும் படுக்கையறை வரை வரும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கருவிகளை நிறுத்துப் பார்க்கலாம். விசிறி வைத்த 240 வோல்ட் மின் ஹீட்டர் விலை குறைவு, ஈரம் தராது, புகை தராது. ஒரு யூனிட் வாங்கி ஒரு யூனிட் வெப்பம் தரும். கம்பி தகதகவென்று வெளியே தெரியும் வகையை மட்டும் மரத்தூள் உள்ள இடத்தில் தவிர்க்க வேண்டும். மற்ற வகைகளிலும் தூசியை அடிக்கடி ஊதித் துடைத்தாக வேண்டும். அகச்சிவப்புப் பலகை காற்றைத் தாண்டி நேரே உடம்பையும் மேசையையும் தொடுவது. ஒரே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்கு நல்லது. தாழ்ந்த கூரையில் பெரிய அளவில் பொருத்தினால் தலை சுடும், கால் விறைக்கும். தரைக்குள் சுடுநீர்க் குழாய் பதிப்பது சுகத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அந்த எட்டரை டன் கான்கிரீட்டைச் சனிக்கிழமைதோறும் எழுப்பித் தூங்கவைக்க முடியாது; நாள்தோறும் வேலை நடக்கும் இடத்துக்கும், தளத்தைப் புதிதாகப் போடும்போது அடியில் காப்பு வைக்க முடிந்தவர்களுக்கும்தான் அது. ஹீட் பம்ப் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே தூக்கிவருவது. மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பமும், −15 டிகிரியை நெருங்கும்போது இரண்டை ஒட்டியும் தரும். கோடையில் அதுவே குளிர்சாதனமாகி ஈரத்தையும் வடித்துவிடும் என்பது இரும்புக் கருவிகளுக்குக் கூடுதல் லாபம். உட்பகுதியின் வடிகட்டியை மரத்தூள் அடைத்துக்கொள்ளும் என்பதால், தூசியை அது எழும் இடத்திலேயே பிடிக்கும் ஏற்பாடு முதலில் வேண்டும்.

முதலில் காப்பு, பிறகு கருவி என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம் வேலை செய்பவர் எதற்காகச் சுவரெல்லாம் பிரித்துப் பஞ்சு திணிக்க வேண்டும்? பெரிய எரிவாயு ஹீட்டரை மூன்று மணி நேரம் ஓடவிட்டால் போதாதா? எரிபொருள் செலவை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. காப்பிடாத கராஜில் 12 கிலோவாட் வீதம் மூன்று மணி நேரத்துக்கு 36 யூனிட் வெப்பம். எரிவாயுவில் அது நாலரை கனமீட்டருக்குள் முடிந்துவிடும். காப்பிடுவதால் இதில் கிடைக்கும் மிச்சத்தைக் கொண்டு காப்புச் செலவை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் சூடாவது பெரும்பாலும் காற்றுதான். தரையும் இரும்பும் பலகையும் வெப்பத்தை உள்வாங்கத் தொடங்கும் நேரத்தில் அவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார். வாரம் ஒரு முறை சூடாகி ஆறு நாள் உறைவது இரும்புக்கும் பசைக்கும் நல்லதல்ல. சைக்கிள் பழுது பார்ப்பவருக்கோ, பற்றவைப்பவருக்கோ இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். மேசை இழைப்பவருக்குத் தெரியும். ஆக அந்த மறுப்பு காப்பைத் தள்ளிவிடவில்லை. செலவு குறைவாக உள்ள பகுதிகளிலிருந்து தொடங்கச் சொல்கிறது. இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, கூரைக்கு மேல் பஞ்சு என்ற இரண்டுமே சேர்ந்து இழப்பில் கிட்டத்தட்ட 150 வாட்டை, ஐந்தில் இரண்டு பங்கை, எடுத்துவிடும். சுவரைப் பிரிக்கவே வேண்டாம்.

ஆளில்லாதபோதும் ஓரளவு சூட்டைத் தக்கவைப்பது வீண் செலவு என்பது மற்றொரு மறுப்பு. வெளியே −2 டிகிரி உள்ள சாதாரணக் குளிர்கால நாளில் உள்ளே 8 டிகிரியைத் தக்கவைப்பதாகக் கொள்வோம். காப்பிடாத கராஜுக்கு நாளொன்றுக்கு 90 யூனிட் வெப்பம் வேண்டும், அது வீண்தான். காப்பிட்ட கராஜுக்கு 22 யூனிட். ஹீட் பம்ப் அதை ஒன்பது யூனிட் மின்சாரத்தில் முடித்துவிடும். அந்த ஒன்பது யூனிட்டுக்கு உறையாத பசையும் வியர்க்காத இரும்பும், கால் வைத்தால் சில்லிடாத தரையும், கதவைத் திறந்த கால் மணியில் தொடங்கக்கூடிய வேலையும் கிடைக்கின்றன. வாரத்தில் நாலைந்து மாலைகள் பட்டறையில் கழிப்பவருக்கு அது நியாயமான விலை; மாதம் இரு முறை எட்டிப்பார்ப்பவருக்கு அல்ல. கடுங்குளிரில் ஹீட் பம்ப் வேலை செய்யாது என்பது பழைய மாதிரிகளுக்குப் பொருந்திய பேச்சு. குளிர்நாடுகளுக்கென்று வரும் மாதிரிகள் −25 டிகிரி வரை ஓடுகின்றன. அப்போது தரும் வெப்பம் குறையும் என்பதால் அந்தக் குறைந்த அளவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் கராஜைத் தாமே அளந்துவிடலாம் என்பது இந்தக் கணக்கின் நல்ல பகுதி. மரத்தூளைப் பெருக்கி, தின்னர், பெட்ரோல் டப்பாக்களை வெளியே எடுத்துவிட்டு, வெயில் இல்லாத ஒரு நாளில் 1,500 வாட் ஹீட்டர் ஒன்றைக் கண்பார்வையில் வைத்து ஓடவிட வேண்டும். உள்வெப்பநிலை ஏறுவது நிற்கும்வரை சில மணி நேரம் காத்திருந்து, ஹீட்டர் போடும் முன் இருந்ததைவிட எத்தனை டிகிரி ஏறியது என்று பார்க்க வேண்டும். 1,500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் டிகிரிக்கு இழக்கும் வாட் கிடைக்கும். தரை இன்னும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் என்பதால் விடை உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். முடிவெடுக்க அந்தத் துல்லியம் போதும். நான்கு டிகிரிதான் ஏறியது என்றால் இழப்பு 375 வாட். ஹீட்டர் கடைக்குப் போகும் முன் பஞ்சுக் கடைக்குப் போக வேண்டும். 15, 16 டிகிரி ஏறினால் 100 வாட்டுக்குள். நாள்தோறும் வேலை செய்பவர் ஹீட் பம்பையும், வாரம் ஒரு முறை செய்பவர் 5 கிலோவாட் மின் ஹீட்டரையும் தாராளமாக வாங்கலாம். 5 கிலோவாட் என்பதில் மிச்சமுள்ள 2 கிலோவாட், தரையையும் இரும்பையும் விரைவில் எழுப்புவதற்கு. இரண்டுக்கும் இடைப்பட்டு, சுவரைப் பிரிக்க வழியில்லாமல், வீட்டில் எரிவாயு இணைப்பும் இருந்தால் மூடிய எரியறை ஹீட்டரை உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். வாடகை வீட்டில் ஒன்றையும் மாற்ற முடியாதவருக்கு மேசைக்கு மேல் ஓர் அகச்சிவப்புப் பலகை, காலுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு, பசைக்கு வீட்டுக்குள் ஓர் இடம் போதும். எந்த வழியில் போனாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வீட்டுப் பக்கம் இருந்தாக வேண்டும். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி கராஜின் நீள அகலமாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக டிகிரிக்கு எத்தனை வாட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற இரண்டு எண்களைச் சொல்ல முடிந்தவர், தேவைக்கு நான்கு மடங்கு பெரிய ஹீட்டரைச் சுமந்துகொண்டு வீடு திரும்ப மாட்டார்.